இந்தப் படிப்புக்கு யார் காசு கொடுத்தார்கள்?

"நான் ஒரு பாடத்தை மட்டும் படிக்கப் போறதில்லை, இரண்டு மூன்றைச் சேர்த்துப் படிக்கப் போறன்" என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். உடனே இரண்டு கேள்விகள் வரும். "அதைப் படிச்சிட்டு என்ன வேலைக்குப் போறது?" என்பது ஒன்று. "எவ்வளவு காசு முடியும்?" என்பது மற்றது. முதல் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் இருக்கும். இரண்டாவது கேள்விக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. கல்லூரி தேடத் தொடங்குமுன் அந்த வரலாற்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. எங்கே தேட வேண்டும் என்பதை அதுவே காட்டும்.

கணினியும் மொழியியலும், உயிரியலும் சட்டமும், பொருளாதாரமும் சுற்றுச்சூழலும் என்று துறைகளைக் கோத்துப் படிக்கும் பட்டத்தை இன்டர்டிசிப்ளினரி ஸ்டடீஸ் என்கிறார்கள். இந்தப் பதிவில் அதைப் பல்துறைப் பட்டம் என்று எழுதுகிறேன். தேடினால் முதலில் கண்ணில் படுவது அமெரிக்காவின் விலை கூடிய தனியார் கல்லூரிகள்தான். அதனால் இது வசதியான வீட்டுப் பிள்ளைகளின் படிப்பு என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ஆனால் இந்தப் படிப்பின் மிக நல்ல வடிவங்களில் சில, காசு இல்லாதவர்களுக்காகப் பொதுப் பணத்தில் கட்டப்பட்டவை. அப்படிப்பட்ட மூன்று இடங்களைப் பார்ப்போம்.

நியூயோர்க், 1847

1840களில் நியூயோர்க் நகரில் உயர்கல்வி என்றால் கட்டணம் கட்டிப் படிக்கும் கல்லூரிகள்தான். துறைமுகத்தில் வேலை செய்பவரின் மகனுக்கு அங்கே இடமில்லை. நகரக் கல்விச் சபையின் தலைவராக இருந்த டவுன்சென்ட் ஹாரிஸ் ஒரு வியாபாரி. இளம் வயதிலேயே பள்ளியை விட்டு வேலைக்குப் போனவர். நகரமே காசு போட்டு ஒரு இலவசக் கல்லூரி தொடங்க வேண்டும் என்று அவர் கேட்டார். தொழிலாளிகளின் பிள்ளைகளுக்கு எங்கள் வரிப்பணத்தில் உயர்கல்வியா என்று எதிர்ப்பு வந்தது. 1847 இல் விடயம் நகர மக்களின் வாக்கெடுப்புக்குப் போனது. மக்கள் பெரும் வித்தியாசத்தில் ஆம் என்றார்கள். 1849 இல் ஃப்ரீ அக்கடமி என்ற பெயரில் கல்லூரி திறந்தது. பின்னர் அது சிட்டி கொலிஜ் ஆனது. முதலில் ஆண்களுக்கு மட்டும்தான். பெண்களுக்கான இலவசக் கல்லூரி 1870 இல் தனியாக வந்தது. அதுதான் இன்றைய ஹன்டர் கொலிஜ்.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் பெரிய தனியார் பல்கலைக்கழகங்கள் யூத மாணவர்களின் தொகையை வேண்டுமென்றே மட்டுப்படுத்தின. அந்தக் குடியேறிகளின் பிள்ளைகள் சிட்டி கொலிஜுக்குப் போனார்கள். போலியோ தடுப்பூசியை உருவாக்கிய ஜோனஸ் சால்க் 1934 இல் அங்கே பட்டம் பெற்றார். இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் 1969 இல் முதல் செய்தி லெனார்ட் கிளைன்ராக்கின் ஆய்வுகூடத்திலிருந்து போனது. அவர் பகலில் வேலை செய்து, சிட்டி கொலிஜின் மாலை வகுப்பில் படித்து 1957 இல் பட்டம் பெற்றவர். ஹங்கேரியிலிருந்து அகதியாக வந்த அன்ட்ரூ குரோவ் 1960 இல் அங்கே இரசாயனப் பொறியியல் முடித்தார். பின்னாளில் இன்டெல் நிறுவனத்தை வழிநடத்தியவர் அவர்தான். 2005 இல் அவர் அந்தக் கல்லூரிக்கு 26 மில்லியன் டொலர் கொடுத்தார். ஒரு அகதிப் பிள்ளைக்கு நகரம் போட்ட காசு 45 வருடங்களுக்குப் பிறகு இப்படித் திரும்பி வந்தது.

இனிப் பல்துறைப் பட்டத்துக்கு வருவோம். சிட்டி கொலிஜ் ஹார்லெமில் இருக்கிறது. ஆனால் 1960களில் அந்த வகுப்புகளில் ஹார்லெம் பிள்ளைகளைக் காண்பது அரிது. 1969 ஏப்ரலில் கறுப்பின மாணவர்களும் புவேர்ட்டோ ரிக்கோ மாணவர்களும் வளாகத்தை மறித்துப் போராடினார்கள். அதன் பலனாக 1970 இல் நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம், நகரத்தில் உயர்நிலைப் பள்ளி முடித்த எல்லோருக்கும் ஏதாவது ஒரு கல்லூரியில் இடம் கொடுக்கத் தொடங்கியது. அதற்கு அடுத்த வருடம், 1971 இல், ஒரு புதிய பட்டம் பிறந்தது. மாணவர் தன் தலைப்பைத் தானே தெரிவு செய்யலாம். வழிகாட்டிப் பேராசிரியர் ஒருவருடன் இருந்து பாடத்திட்டத்தை அமைக்கலாம். அந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள எந்தக் கல்லூரியிலும் போய் வகுப்பு எடுக்கலாம். கதவைத் திறந்த அதே காலத்தில்தான் பாடங்களுக்கு இடையில் இருந்த சுவரிலும் வாசல் வைத்தார்கள்.

இலவசம் நீடிக்கவில்லை. 1975 இல் நகரம் திவாலாகும் நிலைக்கு வந்தது. 1976 இல் கட்டணம் வந்தது. சிட்டி கொலிஜின் 125 வருடங்களுக்கும் மேலான இலவசக் காலம் முடிந்தது. ஆனால் அந்தப் பல்துறைப் பட்டம் இன்றும் இருக்கிறது. அந்த மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு வருடக் கட்டணம் ஏறத்தாழ 7,000 டொலர். அதே நகரத்தின் பெரிய தனியார் பல்கலைக்கழகங்கள் கேட்பது இதைப்போல் பல மடங்கு.

ஸ்டாபோர்ட்ஷயர், 1949

இங்கிலாந்தின் ஸ்டோக் பகுதி மட்பாண்டத் தொழிலுக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் பேர்போன இடம். 1908 இலேயே அங்குள்ள லோங்டனில் ஆர். எச். டோனி தொழிலாளர்களுக்குப் பல்கலைக்கழகத் தரத்தில் மாலை வகுப்பு நடத்தினார். அந்த வகுப்புகளில் வளர்ந்தவர்கள், எங்கள் ஊருக்கே ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அதைச் சாத்தியமாக்கியவர் ஏ. டி. லிண்ட்சே. ஒக்ஸ்போர்டின் பேலியல் கல்லூரித் தலைவராக இருந்தவர், ஆனால் கிளாஸ்கோவில் பிறந்து படித்தவர். ஸ்கொட்லாந்தின் பழைய மரபில் மாணவர்கள் முதலில் பல பாடங்களைப் படித்துவிட்டுத்தான் ஒன்றில் இறங்குவார்கள். போர் முடிந்த காலம் அது. தன் மூலையை மட்டும் தெரிந்த நிபுணர்கள் போதாது என்பது லிண்ட்சேயின் கருத்து. 1949 இல் வட ஸ்டாபோர்ட்ஷயர் பல்கலைக்கழகக் கல்லூரி உருவானது. 1950 இல் சுமார் 150 மாணவர்கள் வந்தார்கள். இடம் கீல் ஹோல் என்ற பழைய மாளிகையும், அதன் தோட்டத்தில் இராணுவம் விட்டுப்போன குடில்களும்.

பட்டம் மூன்று அல்ல, நான்கு வருடம். முதல் வருடம் எல்லோருக்கும் ஒரே அடிப்படைப் படிப்பு. பழைய நாகரிகங்கள் முதல் நவீன அறிவியல் வரை எல்லாத் துறை ஆசிரியர்களும் வந்து விரிவுரை செய்வார்கள். அதன் பிறகு இரண்டு முதன்மைப் பாடங்கள். கலைப் பக்கம் போனவர்களும் ஒரு அறிவியல் பாடம் படிக்க வேண்டும், அறிவியல் பக்கம் போனவர்கள் மறுபக்கத்திலிருந்து ஒன்றைப் படிக்க வேண்டும். 1962 இல் இது கீல் பல்கலைக்கழகம் ஆனது. அதே வருடம் வந்த கல்விச் சட்டம், தகுதி பெற்ற மாணவரின் கட்டணத்தை உள்ளூராட்சி செலுத்த வேண்டும் என்றும், குடும்ப வருமானத்தைப் பார்த்து வாழ்க்கைச் செலவுக்கும் பணம் தர வேண்டும் என்றும் சொன்னது. சுரங்கத் தொழிலாளியின் மகள் கடனில்லாமல் நான்கு வருடம் பல துறைகளைப் படிக்கலாம் என்ற நிலை உண்மையிலேயே இருந்தது.

ஆனால் நான்காவது வருடத்துக்கு யாராவது காசு கொடுக்க வேண்டுமே. 1970களில் மூன்று வருடப் பட்டமும் அங்கே வந்தது. எல்லோருக்கும் பொதுவாக இருந்த அந்த அடிப்படை வருடம் மெல்ல மெல்லச் சுருங்கியது. இரண்டு பாடங்களைச் சேர்த்துப் படிக்கும் வழக்கம் மட்டும் கீலில் தங்கிவிட்டது.

வானொலி அலையில், 1971

மூன்றாவது இடத்துக்கு வளாகமே தேவைப்படவில்லை. 1963 இல் கிளாஸ்கோவில் பேசிய ஹரோல்ட் வில்சன், வானொலியும் தொலைக்காட்சியும் வழியாக ஒரு பல்கலைக்கழகம் என்ற யோசனையை முன்வைத்தார். அவர் பிரதமரானதும் அந்தப் பொறுப்பை ஜெனி லீயிடம் கொடுத்தார். ஸ்கொட்லாந்துச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள் அவர். வீட்டிலிருந்து படிப்பவர்களுக்கு என்று தரத்தைக் குறைக்க அவர் சம்மதிக்கவில்லை. 1969 இல் ஓப்பன் யூனிவர்சிட்டிக்கு அரச சாசனம் கிடைத்தது. 1971 ஜனவரியில் சுமார் 24,000 பேர் படிக்கத் தொடங்கினார்கள். முன் தகுதி எதுவும் கேட்கப்படவில்லை. ஏ லெவல் இல்லாதவர்களும் சேரலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது பட்டத்தின் வடிவம். தொடக்கத்தில் "இந்தப் பாடத்தில் பட்டம்" என்று எதுவும் கிடையாது. எல்லோருக்கும் ஒரே பி.ஏ. கணிதம் படித்தாலும் இலக்கியம் படித்தாலும் அதுதான். சாதாரணப் பட்டத்துக்கு ஆறு கிரெடிட், சிறப்புப் பட்டத்துக்கு எட்டு. எந்தக் கலவையில் எடுப்பது என்பது மாணவரின் விருப்பம். பாடங்களையும் ஒருவர் தனியாக எழுதவில்லை. பல துறைப் பேராசிரியர்களும் பிபிசி தயாரிப்பாளர்களும் ஒரு குழுவாக இருந்து எழுதினார்கள். இந்த மாதிரி பல நாடுகளுக்குப் பரவியது. 1980 இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் தொடங்கியது. யாழ்ப்பாணத்திலும் அதற்கு ஒரு நிலையம் இருக்கிறது. உங்கள் மாமாவோ சித்தியோ அங்கே படித்திருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

பிறகு இங்கும் காசு பின்வாங்கியது. பிரித்தானியாவில் 1998 இல் வருடத்துக்கு 1,000 பவுண் கட்டணம் வந்தது. இங்கிலாந்தில் உச்சவரம்பு 2006 இல் 3,000, 2012 இல் 9,000, 2017 இல் 9,250 என்று ஏறியது. 2025 இலையுதிர் காலத்தில் 9,535 ஆனது. 2012 இல் ஓப்பன் யூனிவர்சிட்டியும் இங்கிலாந்து மாணவர்களிடம் ஒரு முழுநேர வருடத்துக்குச் சமமான படிப்புக்கு 5,000 பவுண் கேட்க வேண்டி வந்தது. அதன் பின் இங்கிலாந்தில் பகுதிநேர மாணவர்களின் தொகை கடுமையாகக் குறைந்தது. வேலை செய்துகொண்டே, பிள்ளை வளர்த்துக்கொண்டே படிக்க நினைத்தவர்கள்தான் அதில் அதிகம் இழந்தார்கள்.

மூன்றிலும் ஒரே கதை

மூன்று இடங்களிலும் கதவுக்கு வெளியே நின்றவர்களுக்காகத்தான் கல்லூரி வந்தது. பொதுப் பணம் வந்தபோது படிப்பு மலிவானது, விரிவும் ஆனது. பணம் குறைந்தபோது விரிவுக்கும் அடி விழுந்தது. இது தற்செயல் அல்ல.

நல்ல பல்துறைப் படிப்பை நடத்துவது செலவான வேலை. ஒரே வகுப்பில் இரண்டு ஆசிரியர்கள் நிற்க வேண்டும். ஒவ்வொரு மாணவருடனும் யாராவது உட்கார்ந்து திட்டம் போட வேண்டும். பொதுவாகப் பல்கலைக்கழகத்தின் பணம் துறைகளின் வழியாகப் பிரிகிறது, மாணவர் தொகையைத் துறைவாரியாக எண்ணுகிறார்கள். எந்தத் துறைக்கும் சொந்தமில்லாத பாடத்துக்காக வாதாட ஆள் இருக்காது. வெட்டு வரும்போது அதுதான் முதலில் போகும். அப்போது மிஞ்சுவது என்ன? அங்கொரு பாடம், இங்கொரு பாடம் என்று பொறுக்கிச் சேர்த்து அதற்கு ஒரு பெயர் வைப்பது. விலை குறைவாக இருக்கலாம். ஆனால் அந்தப் பாடங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை.

நான் பொறியியலில் முதுகலை முடித்து, ஐடி ஆலோசகராக வேலை செய்கிறேன். பெரிய மென்பொருள் திட்டங்களில் சிக்கல் வருவது பெரும்பாலும் ஒரு பகுதிக்குள் அல்ல, இரண்டு பகுதிகள் சந்திக்கும் இணைப்பில்தான். பட்டமும் அப்படித்தான். பாடங்களை யார் இணைக்கிறார்கள், எங்கே இணைக்கிறார்கள் என்று பார்த்தாலே தரம் தெரிந்துவிடும்.

அம்மா அப்பாவின் கேள்வி

"என்ன வேலை?" என்ற கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் வீட்டில் சண்டை குறையும். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலங்கையில் 1945 இல் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி வந்தது. எங்கள் பெற்றோரும் தாத்தா பாட்டியும் அதில் படித்தவர்கள். ஆனால் இலவசக் கதவு மிக ஒடுக்கமானது. ஓ லெவலுக்குப் பிறகு கணிதமா, உயிரியலா, வர்த்தகமா, கலையா என்று ஒரு பாதையில் ஏறியே ஆக வேண்டும். 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தது. மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் போகத் தமிழ் மாணவர்கள் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டியிருந்தது. சில புள்ளிகளில் வாழ்க்கையே மாறிய தலைமுறை அது. அவர்களுக்கு ஒரு பாடத்தின் பெயர் தாங்கிய பட்டம் என்பது பாதுகாப்பு. அந்தப் பயத்தைக் கேலி செய்ய வேண்டாம். பதிலாக, நல்ல திட்டம் ஒன்றைக் காட்டுங்கள்.

இன்று எங்கே பார்ப்பது?

அமெரிக்காவில் நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகத்தைச் சொல்லிவிட்டேன். மேற்குக் கரையில் வாஷிங்டன் மாநிலம் 1967 இல் எவர்கிரீன் ஸ்டேட் கொலிஜை உருவாக்கியது. 1971 இல் வகுப்புகள் தொடங்கின. பல துறை ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே தலைப்பில் கற்பிப்பதுதான் அங்கே வழமை. புள்ளிக்குப் பதிலாக ஆசிரியர் எழுத்தில் மதிப்பீடு தருவார். அதுவும் அரச கல்லூரிதான். கனடாவில் ஹமில்டனிலுள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1981 முதல் கலையையும் அறிவியலையும் சேர்த்த ஒரு சிறிய திட்டத்தை நடத்துகிறது. ரொறன்ரோவிலிருந்து தூரமில்லை. வாட்டர்லூவில் 2008 இல் நொலிஜ் இன்டிகிரேஷன் என்ற பட்டம் தொடங்கியது.

ஐரோப்பாவில், நெதர்லாந்தின் யூட்ரெக்ட் 1998 இல் பொதுப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே ஒரு பல்துறைக் கல்லூரியைத் திறந்தது. ஜேர்மனியில் சில மாநிலங்கள் 2006 இலிருந்து கட்டணம் வாங்கத் தொடங்கின. மாணவர்களும் வாக்காளர்களும் எதிர்த்தார்கள். 2014 இல் கடைசி மாநிலமும் அதைக் கைவிட்டது. அப்படிக் கட்டணம் நீக்கப்பட்ட மாநிலம் ஒன்றில், ஃபிரைபூர்க்கில், 2012 முதல் ஆங்கிலத்தில் நான்கு வருடப் பல்துறைப் பட்டம் இருக்கிறது. அந்த மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருவோரிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறது. பிரித்தானியாவில் ஓப்பன் யூனிவர்சிட்டியின் திறந்த பட்டம் இன்றும் உண்டு. ஸ்கொட்லாந்தில் வளர்ந்தவர்களுக்கு அங்குள்ள பல்கலைக்கழகங்களில் முதல் பட்டத்துக்குக் கட்டணம் இல்லை.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

இந்த வரலாற்றிலிருந்து ஐந்து கேள்விகளை எடுக்கலாம். கல்லூரியின் திறந்த நாளுக்குப் போகும்போது கையில் வைத்திருங்கள்.

ஒன்று, சட்டப்படி நான் எந்தக் கட்டணப் பிரிவில் வருகிறேன்? பொதுப் பணம் எப்போதும் "எங்கள் ஆட்களுக்கு" என்றுதான் வரும். மாநிலத்தவரா, குடியுரிமை உண்டா, என்ன வீசா, எத்தனை வருடம் வசித்தீர்கள் என்பவற்றில் ஒரே இருக்கைக்கு இரண்டு மூன்று விலை இருக்கும். அகதி அந்தஸ்தோ தற்காலிக வதிவிட உரிமையோ உள்ள குடும்பங்கள் இதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டு, உதவித்தொகை எல்லாம் கழித்த பிறகு நாங்கள் கையிலிருந்து கட்டுவது எவ்வளவு? அமெரிக்காவில் 2011 முதல் கல்லூரிகள் இதைக் கணக்கிடும் கருவியைத் தங்கள் தளத்தில் வைக்க வேண்டும் என்பது சட்டம். விலைப்பட்டியலைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நம்பவும் வேண்டாம். வீட்டு வாடகையையும் சேர்த்துப் பாருங்கள்.

மூன்று, எல்லோரும் சேர்ந்து படிக்கும் பொது வகுப்பு உண்டா? கீலின் முதல் வருடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால் பாடங்களை இணைப்பது முழுக்க உங்கள் தலையில்தான்.

நான்கு, எனக்கென்று வழிகாட்டி ஒருவர் இருப்பாரா, இறுதியில் ஒரு பெரிய ஆய்வோ செயற்திட்டமோ செய்ய வேண்டுமா? நாளை வேலைக்குப் போகும்போது பட்டத்தின் பெயரை விட அந்த ஒரு வேலைதான் உங்களுக்காகப் பேசும்.

ஐந்து, இந்தக் கல்லூரியை யார் அங்கீகரித்திருக்கிறார்கள்? அமெரிக்காவில் 1944 இல் போர்வீரர்களின் படிப்புக்கு அரசு காசு கொடுத்தபோது, அந்தக் காசுக்காகவே கடை திறந்தவர்களும் வந்தார்கள். அதனால்தான் 1952 இல் அந்த உதவியை அங்கீகாரத்தோடு இணைத்தார்கள். மலிவு என்பது மட்டும் நற்சான்றிதழ் ஆகாது.

1847 இல் நியூயோர்க்கில் வாக்குப் போட்டவர்களில் எத்தனையோ பேரின் பிள்ளைகள் அந்தக் கல்லூரிக்குப் போகவே இல்லை. இருந்தும் வரி கட்டச் சம்மதித்தார்கள். எங்கள் அம்மா அப்பாவும் கடையிலும் தொழிற்சாலையிலும் முதியோர் இல்லத்திலும் வேலை செய்து இந்த நாடுகளில் வரி கட்டியவர்கள்தான். பொதுக் கல்லூரியின் வாசலில் நீங்கள் உதவி கேட்டு நிற்கவில்லை. உங்கள் வீட்டுக் காசும் அந்தக் கட்டடத்தில் இருக்கிறது. விண்ணப்பப் படிவத்தை நிரப்பும்போது அதை மறக்க வேண்டாம்.